ஜாமீன் கையெழுத்து

ஜீரோ கேட்டில் பாஸை வைத்தேன்.
சிவப்பு விளக்கு.
ஈரம் பட்டிருக்கும் என்று
துப்பட்டாவில் துடைத்து இன்னொரு தரம்.
மறுபடி சிவப்பு.
பின்னால் டிரெய்லர்காரன் ஹாரனில் ஏறி உட்கார்ந்துவிட்டான்,
எண்ணூர் நெடுஞ்சாலை வரைக்கும் வரிசை.
"மேடம், உங்களுத நிறுத்தி வச்சிருக்காங்க" என்றான்
பத்து வருஷமாக என்னை யக்கா என்று கூப்பிடும் காவலாளி.
மேடம்.

அப்படித்தான் தெரியவந்தது,
பெயரைக்கூட உச்சரிக்க வராத ஒரு துறைமுகத்தில்
பெலவேந்திரனைப் பிடித்திருக்கிறார்கள் என்று.

மூன்றாவது மாடி. மின்விசிறி இருந்தது, சுற்றவில்லை.
அதிகாரி நல்ல மனுஷர், டீ சொன்னார்.
படிவத்தில் ஒரு கட்டம்: உறவுமுறை.
தம்பி என்று எழுதினேன்.
அடுத்த கட்டம் அதைவிடப் பெரியது.
அதில் என்ன எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை.
"அந்த நாட்டுக்காரங்க கேக்குறாங்கம்மா,
வீட்ல யாருக்கு என்ன தெரியும்னு."
குடும்பத்தையே பட்டியலில் ஏற்றும் சட்டம்
அங்கே புதிதாக வந்திருக்கிறதாம்.
அக்கா, அக்கா புருஷன், புருஷனின் அண்ணன்.
அண்ணன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்;
விசா புதுப்பிக்கவில்லை, மூட்டை கட்டுகிறார்.
என் கல்யாணத்தன்று பந்தியில்
பெலாவுக்கு ரசம் ஊற்றியதோடு சரி அவர் பழக்கம்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.
இடது காதில் சீழ் வரும், குளித்தால் பஞ்சு வைப்பான்.
கப்பல் வேலைக்கு மும்பையில் பயிற்சி, அதற்கு
கூட்டுறவு வங்கியில் இரண்டு லட்சம்.
ஜாமீன் நான்.
மேனேஜர் விரல் காட்டிய இடத்திலெல்லாம் போட்டேன்,
ஒரு பக்கமும் படிக்கவில்லை.
அவன் கட்டாத பதினேழு தவணையை
திட்டிக்கொண்டே கட்டினேன்.
கட்டினேன்.

இதற்கு எங்கே சார் போட்டேன் கையெழுத்து?
காட்டுங்க. எந்தப் பக்கம்?

கேட்ட கையோடு இறங்கி வந்திருந்தால்
எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவர் போனில் ஒரு படம் காட்டினார்.
மீன் மார்க்கெட். அங்கேயும் மீன் மார்க்கெட்தான்.
அதே நீல பிளாஸ்டிக் டப், அதே ஐஸ் உடைக்கும் கட்டை,
தரையெல்லாம் தண்ணீர்.
தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன்.
பதினோரு பேர்.
ஒருத்தி தராசோடு விழுந்து கிடக்கிறாள்.
அவளுக்கும் ஒரு அக்கா இருப்பாள்.
அவளிடம் மட்டும் யார் வாங்கினார்கள் கையெழுத்து?

"அவன்தான் செஞ்சானா சார்?"
"சரக்கு எறக்குன சீட்டுல அவன் கையெழுத்து இருக்கு.
படிச்சுப் போட்டானா, படிக்காம போட்டானான்னு
விசாரணை போய்ட்டிருக்கு."

வீட்டில் அவன் அனுப்பிய பணத்தில் வாங்கிய ஃபிரிட்ஜ்.
வெடித்தது தவக்காலத்தில்.
ஃபிரிட்ஜ் சாம்பல் புதனுக்கு முன்பே வந்தது என்கிறார் வீட்டுக்காரர்,
பெரிய வெள்ளி கழித்து என்கிறேன் நான்.
குரல் ஏறி, பாதியில் இருவரும் நிறுத்தினோம்.
எது நல்ல பதில் என்று தெரியவில்லை.
உள்ளே நேற்றைய குழம்பு.

மகளுக்குப் பள்ளியில் பாஸ்போர்ட் கேட்கிறார்கள்,
மலேசியாவில் கேரம் போட்டி.
படிவத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டேன்,
தாய்மாமனுக்குக் கட்டம் இல்லை.
ஆனால் அவளுக்குக் காது குத்தியது அவன் மடியில்.
போட்டோவுக்கு
முடியை முன்னால் விட்டுக்கொள் என்றேன்.
ஏன் என்று கேட்டாள்.
ஸ்டைலா இருக்கும் என்றேன்.

இன்று காசிமேட்டில் முக்கால் கிலோ சங்கரா.
தராசைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.
"இன்னாக்கா, கம்முனு நிக்கிற? வெல கேக்கல?"
ஐநூறு ரூபாயை நீட்டிவிட்டு நடந்தேன்.
எந்தக் கடனில் இதை வரவு வைப்பார்கள், தெரியாது.
ஒருவரும் என்னிடம் கேட்காத தவணை.
பின்னால் அவள் கத்துகிறாள்,
"யக்கா, மீதி! யக்கோவ், மீதி வாங்கிக்கினு போ!"